வைப்பருக்கு விளக்கெண்ணெய்

எங்கள் அப்பாவுக்குக் கார் வாங்கத் தெரிந்தது. ஓட்டவும் ஒருவாறு தெரிந்தது. பராமரிப்பு மட்டும் மாட்டுவண்டி சாஸ்திரப்படிதான் நடந்தது. தேனி ரயிலடி வரை போய்த் திரும்பினால், காரின் மூக்கில் ஒரு செம்புத் தண்ணீர் தெளித்துத் தட்டிக்கொடுப்பார். டயரில் காற்று இறங்கினால் நொண்டும் மாட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்து ‘ச்சு’ கொட்டுவார். தலைமுறை தலைமுறையாக வண்டி கட்டி நெல் வியாபாரம் செய்த குடும்பம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

யுத்தம் வருவதற்கு ஒன்றிரண்டு வருடம் முந்தி நடந்தது இது. ஏலத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்ற பழைய கார் அது. துணிக்கூரை, பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது, படுதாதான். முன்கண்ணாடியின் மேல்சட்டத்தில் ஒரே ஒரு வைப்பர். இப்போதைய வைப்பர்போல அது தானாக ஆடாது. வண்டிக்குள்ளே ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் வெளியே ரப்பர் கண்ணாடியைத் துடைக்கும். எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியில் அதற்கு வேலையே இல்லை. தென்மேற்கு மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்ந்துவிடும். எங்களுக்கு வந்து சேர்வது காற்றும் நாலு தூறலும்தான். வெயிலில் காய்ந்து காய்ந்து அந்த ரப்பர் பழைய பனையோலையாக விறைத்துப் போயிருந்தது.

காரில் உட்காருவதற்கு ஒரு முறை இருந்தது. முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஆண்கள். ஆண்கள் வராவிட்டால் அந்த இடத்தில் மூட்டை முடிச்சு. அம்மாவுக்குப் பின்சீட்டுத்தான், அதுவும் இரண்டு பக்கமும் படுதாவை இழுத்து விட்டுக்கொண்டு. மதுரை வரை போய்வந்தவள் என்று ஊரில் அம்மாவுக்குப் பேர். ஆனால் போகிற வழியெல்லாம் அவள் பார்த்தது அப்பாவின் பிடரியை மட்டுமே.

கார் வந்த புதிதில் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம் போட்டிருந்தவர். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்துப் பேர் நிற்கும்போது, “மாப்பிள்ளை, இந்த டப்பா மலையேறி எங்க வீட்டு வாசலுக்கு வந்திருச்சுன்னா நான் மீசைய எடுத்துர்றேன்” என்று சொல்லிவிட்டார். அப்பா ஏதோ சூடாகப் பதில் சொன்னார். மாமா இலையில் உட்காராமல் எழுந்து போனார். அதோடு போக்குவரத்து நின்றது. அம்மாவின் பிறந்த வீட்டுக் கதவு ஒரு டப்பாவால் சாத்தப்பட்டது என்று அத்தை சொல்வாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு ஹைகோர்ட்டு.

என் அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானபோதுதான் வினை முற்றியது. தாய்மாமன் மாலை போடாமல் எங்கள் வகையில் பெண் மணவறை ஏறுவதில்லை. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் அழுதாள். எனக்கு ஒன்பது வயது. புகையால் அழுகிறாள் என்று நினைத்து ஊதுகுழலை எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் முழுதாக இறங்கவில்லை. “போறேன். ஆனா பஸ்ஸுல போயி நிக்க மாட்டேன். நம்ம கார்லதான் போவேன்” என்றார். அவர் மனம் மாறுவதற்குள் ஆனி மாதம் முடிய வந்துவிட்டது. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியத்துக்கு வெற்றிலை பாக்கு வைக்க மாட்டார்கள். ஆடி கழிந்து போய் அழைத்தால், கடைசியில் நினைத்துக்கொண்டார்கள் என்று மாமா அதற்கும் ஒரு கோபம் பிடிப்பார். ஆகவே ஆனிக் கடைசி நாள் புறப்படுவதென்று முடிவாயிற்று. மலைமேல் மழை வெளுத்து வாங்குகிற காலம்.

அப்போதுதான் அப்பாவுக்கு வைப்பர் ஞாபகம் வந்தது. அதைக் கழற்றிக் கூடத்தில் வைத்து, குடும்பமே சுற்றி உட்கார்ந்தோம். காய்ந்த ரப்பர் தொட்டதும் பொடிந்தது. பழைய சைக்கிள் ட்யூபை அரிவாள்மனையில் வைத்து அம்மா ஒரு நாடா அறுத்துக் கொடுத்தாள். அப்பா அதை இரண்டாக மடித்து, தகட்டின் வாய்க்குள் செருகி, குறட்டால் நெரித்தார். மாட்டி ஆட்டிப் பார்த்தால் காய்ந்த கண்ணாடியில் அது போட்ட கிறீச்சலில் தெரு நாய் எல்லாம் எழுந்துவிட்டது.

“அச்சுல மசகு இல்லாத வண்டி மாதிரியில்ல கத்துது” என்றாள் அத்தை.

அவ்வளவுதான். வண்டிக்காரக் குடும்பத்துக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா? விளக்கெண்ணெய் வந்தது. அப்பா ரப்பருக்கு நீவி நீவிப் பூசினார். பற்றாததற்கு, கோழியிறகை எண்ணெயில் தோய்த்துக் கண்ணாடியிலும் ஒரு இழுப்பு இழுத்தார். இப்போது ஆட்டினால் சத்தமே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. எங்கள் எல்லோருக்கும் ஒரே பெருமை. தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மழையே பார்க்காத ஊரில் மழைக்குத் தயாரான லட்சணம் அது.

புறப்பட்ட அன்று முன்சீட்டில் தாம்பாளம் அமர்ந்தது. தேங்காய், பழம், வெற்றிலை, வெல்லம், மாமாவுக்கு வேட்டி, அத்தனையும் அப்பாவுக்குப் பக்கத்தில் ராஜா மாதிரி. அம்மாவும் அத்தையும் நானும் படுதாவுக்குள். கம்பம், கூடலூர் எல்லாம் வெயிலில் கடந்தன. மலைப்பாதை தொடங்கி, மூன்றாவது வளைவோ நாலாவது வளைவோ திரும்பினோம். குடத்தைக் கவிழ்த்ததுபோல மழை பிடித்துக்கொண்டது.

அப்பா கைப்பிடியை ஆட்டினார். ஒரே ஆட்டில் கண்ணாடி முழுக்கப் பாலாடை படர்ந்துவிட்டது. இன்னும் வேகமாக ஆட்டினார். பாலாடை இன்னும் பெருகியது. எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்ததில் எதிரே பாதை எது, பள்ளம் எது என்றே தெரியவில்லை. இடது பக்கம் படுதா இடுக்கு வழியாக நான் பார்த்தேன். கீழே மரங்களின் தலைதான் தெரிந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு பழனியாண்டவரைக் கூப்பிடத் தொடங்கினாள்.

அப்பா காரைப் பாறை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். துண்டை எடுத்துத் தேய்த்தார். துண்டுதான் எண்ணெயானது. நனைந்த சட்டையோடு நின்று, “திரும்பிருவோமா?” என்று அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சத்தம் போட்டுத்தான் பழக்கம் அவருக்கு. அப்படிச் சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா படுதாவை விலக்கிக்கொண்டு இறங்கினாள்.

“எண்ணெய்ப் பிசுக்க எம்புட்டுத் தண்ணி விட்டுத் தொடச்சாலும் போகுமா? சாம்பலுல்ல வேணும்?” என்றாள்.

பாரவண்டிக்காரர்கள் அந்தப் பாறைக்கு அடியில்தான் கஞ்சி காய்ச்சுவார்கள். மழை படாத மூலையில் கல் அடுப்பும் குளிர்ந்த சாம்பலும் இருந்தன. அம்மா இரண்டு கை அள்ளி வந்து, பாத்திரம் தேய்க்கிற மாதிரியே அந்தக் கண்ணாடியைத் தேய்த்தாள். ரப்பரையும் விரலால் வழித்து வழித்துத் தேய்த்தாள். மழையே கழுவிவிட்டது. அப்பா உள்ளே போய் ஒரு ஆட்டு ஆட்டினார். கண்ணாடி பளிச்சென்றது. மறுகணம் மழை மறைத்தது. மறுபடி ஆட்டினால் மறுபடி பளிச்.

ஆனால் ஸ்டீரிங்குக்கு இரண்டு கை வேண்டும். கியருக்கு ஒரு கை. வைப்பருக்கு அப்பா எங்கே போவார்? என்னை முன்னால் ஏற்றினார்கள். எண்ணெய் போன ரப்பர் கண்ணாடியைக் கவ்விக்கொண்டது. என் கைக்கு அது அசையவில்லை. அத்தை கண்ணையே திறக்கவில்லை.

“நீ முன்னாடி வா” என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

அம்மா அத்தையைப் பார்த்தாள். ஊரில் எந்தப் பெண்ணும் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தவளைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை முதலில் பேசுகிறவளே அத்தைதான்.

அத்தை கண்ணைத் திறந்து பள்ளத்தை ஒருமுறை பார்த்தாள். “அந்தத் தாம்பாளத்த இங்கன குடு ஆத்தா. நீ போயி உக்காரு” என்றாள்.

தாம்பாளம் அத்தையின் மடிக்கு வந்தது. அம்மா முன்னால் ஏறினாள். அப்பா “ம்” என்பார். அம்மாவின் வளையல் குலுங்கும். பாதை ஒருமுறை தெரியும். கொஞ்ச நேரத்தில் “ம்” நின்றுபோனது. எப்போது துடைக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. பிறகு “அங்கன வண்டி வருது”, “வலது பக்கம் கல்லு” என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். பின்னாலிருந்து நான் பார்த்தேன். அம்மாவுக்கும் பிடரி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. முந்தானை ஈரமாகி நழுவிக் கிடந்தது. அவள் அதை எடுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். சத்தம் கேட்டு மாமா குடையோடு வெளியே வந்தார். காரைப் பார்த்தார். முன்சீட்டிலிருந்து சாம்பல் கையோடு இறங்கிய தங்கையைப் பார்த்தார். குடை சாய்ந்து அவர் நனைந்துகொண்டிருந்தார். அவருக்கு அது தெரியவில்லை.

“இம்புட்டு மழையில எந் தங்கச்சிய முன்னாடி வச்சா கூட்டியாந்தீக?” என்றார்.

“நானா கூட்டியாந்தேன்? அவதான் என்னயக் கூட்டியாந்தா” என்றார் அப்பா.

மாமாவின் கை மீசைக்குப் போனது. அத்தை அதற்காகவே காத்திருந்தவள்போல வாயைத் திறந்தாள். அப்பா முந்திக்கொண்டார். “மீச இருக்கட்டும் மச்சான். பிள்ளைக்கு மாலை போட வாங்க, போதும்.”

அம்மா அண்ணனின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். இந்தத் தடவை புகை இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

மறுநாள் மலை இறங்கினோம். பள்ளத்தாக்கு முழுவதும் பச்சையாகக் கீழே விரிந்து கிடந்தது. அம்மா அதை முன்கண்ணாடி வழியாக, யார் தலையும் மறைக்காமல் பார்த்துக்கொண்டு வந்தாள். கூடலூரில் வெயில் சுள்ளென்று அடித்தது.

“மழ விட்டுப்போச்சுல்ல. பின்னாடி வந்துரு ஆத்தா” என்றாள் அத்தை.

அப்பா வண்டியை நிறுத்தவில்லை. “புழுதி கிடக்குக்கா. தொடைக்க ஆளு வேணும்” என்றார்.

ஆகவே அம்மா துடைத்தாள். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச் கிறீச் என்று கதற, கம்பத்துக் கடைத்தெருவே திரும்பிப் பார்க்க, எங்கள் ஊர் வாசல் வரை துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மழையில்லாத ஊரில் எதற்கு இந்தக் கூத்து என்று சீட்டுக்கடியில் ஒளிந்துகொண்டேன்.

கல்யாணம் நடந்தது, மாமா மாலை போட்டார், மீசையோடு. அதற்குப் பிறகு அந்த வைப்பருக்கு வீட்டில் தனி மரியாதை. வண்டியை நிழலில் விட்டதும் ரப்பரைத் தூக்கி நிறுத்துவது, ஈரத்துணியால் துடைப்பது, விறைத்தால் புது ட்யூப் அறுத்து மாற்றுவது எல்லாம் அம்மாவின் வேலை. விளக்கெண்ணெய் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. தேனி மெக்கானிக் ஒருவர், தானே ஆடுகிற வைப்பர் வந்திருக்கிறது, மாட்டித் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னார். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று தட்டிக்கழித்தார். “அப்பா சரியான கஞ்சன்” என்று அம்மாவிடம் கோள் மூட்டினேன். அவளும் என்னோடு சேர்ந்து திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ரப்பரைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

வெகுகாலம் கழித்து அந்தக் காரை விற்று வேறொன்று வாங்கினோம். அதில் வைப்பர் தானாக ஆடும்; கைப்பிடி கிடையாது. வண்டி வந்த அன்று அம்மா முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். அத்தை தன் பாட்டுக்குப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஊருக்குப் பழகியிருந்தது. அப்போது எனக்குக் கல்யாண வயது. அன்றுதான் எனக்கு உறைத்தது. அதுவரை, அந்தக் கைப்பிடி மழைக்காகத்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.