காப்ஸ்யூலும் காலி டிபன் பாக்ஸும்

சேதராப்பட்டு தொழிற்பேட்டையிலிருந்து ஃபோன் வந்தபோது நான் பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மகள் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து யாரோ ஒருவர் பேசினார். "உங்க பொண்ணு மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், வந்துடுங்க." ஆட்டோவில் ஏறியதும் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க மறந்துவிட்டது தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

எல்லாம் அவள் வயிற்றில் தொடங்கியது. ஷிப்ட் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு வயிறு உப்புசம். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மோரில் பெருங்காயம் போட்டேன். பருப்பை நிறுத்தினேன், உருளைக்கிழங்கை நிறுத்தினேன். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அவளே ஃபோனில் தேடிப் படித்துவிட்டு, புரோபயாட்டிக் வேண்டும் என்றாள். குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகளாம். மாத்திரைக்குள் உயிரோடு இருக்குமாம். பெரிய மார்க்கெட் பக்கம் மருந்துக் கடையில் வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். தினமும் காலையில் ஒன்று போட்டுக்கொண்டாள்.

"எப்படிம்மா இருக்கு இப்ப?"

"பரவால்லம்மா. சும்மா சும்மா கேக்காத."

டிபன் பாக்ஸ் தினமும் சாயங்காலம் காலியாக வந்தது. முகம் மட்டும் ஒடுங்கிக்கொண்டே போனது. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவளுடன் கம்பெனி பஸ்ஸில் வரும் பெண் நின்றிருந்தாள். கடலோரக் கனகசெட்டிக்குளத்துக்காரி, அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"ஆன்ட்டி, கோச்சிக்காதீங்க. உங்க வூட்டு சாப்பாட்ட இத்தன நாளும் நாந்தான் துன்னேன். டயட்டுன்னு சொன்னா, நம்பிட்டேன். புளிசாதம் சூப்பரா இருந்துச்சு ஆன்ட்டி."

"ஏய், வாய மூடுடி," என்றாள் என் மகள், கண்ணைத் திறக்காமலே.

"இன்னாத்துக்குடி மூடணும்? எதுக்குடி பட்டினி கெடந்த?"

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "ஏசி பஸ்ஸு. ஜன்னல தொறக்க முடியாது. சாப்ட்டா வயிறு ஊதிக்குது, அடக்க முடியல. அன்னிக்கி எல்லாரும் மூக்க மூடிக்கினு சிரிச்சீங்கல்ல."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அது நீயாடி? நாங்க டிரைவர் அண்ணன்னு நெனச்சு ஒரு வாரமா அவரத்தான ஓட்டுனோம்! பாவம்டி, அந்த ஆளு மொச்சக்கொட்டையே துன்றதில்ல இப்ப!"

நர்ஸ் திரும்பிப் பார்த்து அதட்டினாள். மகள் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயுவுக்குப் பயந்து ஒரு பெண் சோற்றை விட்டிருக்கிறாள். அவளைப் பெற்ற நான் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டரம்மா மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது சில பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காது. கொஞ்ச நாள் பாருங்க, பிரயோஜனம் இல்லன்னா நிறுத்திடலாம். ஆனா இது சாப்பாடு இல்லம்மா. வேளைக்குச் சாப்பிடாம இத மட்டும் போட்டா என்ன ஆகும்?" மகளிடம்தான் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அவள் மறுபடியும் வேலைக்குப் போகிறாள். மாத்திரை தொடர்கிறது. உப்புசம் குறைந்திருக்கிறது என்கிறாள். மாத்திரையாலா, நேரத்துக்குச் சாப்பிடுவதாலா என்று யாருக்குத் தெரியும். எனக்குத்தான் கவலை ஓயவில்லை. காலையில் அவள் இட்லி சாப்பிடும்போது சமையலறை வாசலில் நின்றுகொள்கிறேன். "போலீஸ் மாதிரி நிக்காதம்மா," என்கிறாள். மத்தியானம் சாப்பிட்டாளா என்று அந்தக் கனகசெட்டிக்குளத்துப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்க, எத்தனையோ தடவை ஃபோனை எடுத்து எடுத்து வைத்திருக்கிறேன். காலி டிபன் பாக்ஸைக் கண்டால் இப்போது பயமாக இருக்கிறது.

நேற்று சாயங்காலம் பாக்ஸ் கனமாக இருந்தது. திறந்தேன். சோறு பாதி அப்படியே இருந்தது. கத்தரிக்காய்த் துண்டுகளை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். ஒன்றில் பல் பட்ட தடம்.

"இன்னாம்மா கத்திரிக்கா அது, ஒரே கசப்பு. வாயில வெக்க முடியல. பாதிதான் உள்ள போச்சு."

"சரிம்மா, நாளைக்கு வேற செய்றேன்," என்றேன்.

அவள் குளிக்கப் போன பிறகு, அந்த மீதிச் சோற்றை நின்றபடியே நான் சாப்பிட்டேன். கத்தரிக்காய் கசப்புத்தான்.