எங்கள் அகத்தில் திருநக்ஷத்திரம் கண்ட குதிரைகள்

எங்கள் அண்ணா ஆசார்யன் திருவடி சேர்ந்து ஒரு வருஷம் நிறைந்துவிட்டது. இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால், அண்ணா இருபத்தேழு வயதுவரை சந்தியாவந்தனமும் பெரியோருக்கு அடங்கி நடப்பதும் தவிர வேறொன்றும் செய்யாதவர் என்று தோன்றும். அவர்கள் எழுதியிருக்கும் அந்த மனிதரை எனக்குத் தெரியாது. தெரிந்தவரைப் பற்றி எழுதுகிறேன்.

என் கட்டுரையை முதலில் பார்த்தவர் பெரியப்பா. குதிரை என்ற சொல் வந்த வரிகளையெல்லாம் சிவப்புப் பென்சிலால் அடித்தார். ஏழு வரி மிஞ்சியது.

“இது நினைவு மலர்டி. ரேஸ் புஸ்தகம் இல்லே.”

“ஏழு வரிக்கு அண்ணா எதுக்கு, பெரியப்பா? யாருக்கு வேணும்னாலும் பொருந்தும்.”

“வாய் நீளறது. பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பினா இப்படித்தான்.”

அம்மா தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் அச்சாபீஸுக்குப் புரூஃப் பார்க்க என்னையே அனுப்பினாள். வாசல்வரை வந்து, “நடந்ததை எழுது. அழகா இருக்கணும்னு இல்லே” என்றாள். அடித்த வரிகள் அனைத்தையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். புதிதாகவும் எழுதியிருக்கிறேன்.

அண்ணா பிறந்தது ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில். பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மார்க்கு. திருச்சியில் காலேஜில் இடம் கிடைத்து, பெயரும் பதிந்தாயிற்று. அந்தக் கோடையில் அப்பா காலமானார். பதின்மூன்றாம் நாள் முடிந்த கையோடு பெரியப்பா காலேஜுக்குப் போய், பையன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டு வந்தார். அண்ணாவைக் கேட்கவில்லை. ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டதும் அவர்தான். அண்ணாவுக்கு அப்போது பதினைந்து வயது.

அதே வருஷம் இங்கிலாந்தில் டெர்பி பந்தயத்தில் கால்பாய் என்ற குதிரை ஜெயித்தது. அங்கே மூன்று வயதுக் குதிரைகளுக்கு கினீஸ், டெர்பி, லெஜர் என்று பெரிய பந்தயங்கள் உண்டு. டெர்பி ஜெயித்த கையோடு லெஜருக்குப் போக வேண்டிய கால்பாய் போகவில்லை. நடுவில் அதன் சொந்தக்காரர் இறந்துவிட்டார். சொந்தக்காரர் இறந்தால் குதிரையின் பெயர்ப்பதிவு அத்தனையும் செல்லாது என்பது அந்நாளைய சட்டம். குதிரை லாயத்தில் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது. ஓடத்தான் விடவில்லை.

இந்தச் செய்தியை யாரோ ரயிலில் விட்டுப்போன பத்திரிகையில் அண்ணா படித்தார். எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் கால்பாய் என்று எழுதினார். ஏன் அந்தக் குதிரை என்று நான் பின்னாளில் கேட்டதற்கு, “லெஜர்ல அதை யாரும் தோற்கடிக்கலேடி” என்றார், அவ்வளவுதான். பிறகு அந்தச் சட்டம் மாறிவிட்டது. குதிரைகளுக்கு மட்டும்.

உங்களில் பலர் அண்ணாவை ‘ரேஸ்காரன்’ என்று அழைத்தவர்கள். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். அண்ணா எந்தப் பந்தயத்திலும் காலணா கட்டியதில்லை. எந்தப் பந்தயத்தையும் கண்ணால் பார்த்ததும் இல்லை. ரேஸ் நடக்கும் கிண்டி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்ற பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். ஜெயித்து முடித்த குதிரைகள்தான் அவருக்குக் குதிரைகள். “வரப்போறதுல ஆசை வைக்கறவன் சூதாடி. நடந்ததுல ஆசை வைக்கறவனை என்ன பண்ண முடியும்?” என்பார்.

நோட்டில் ஒரு குதிரைக்கு ஒரு பக்கம். நிறம், கால், குணம், பத்திரிகையிலிருந்து வெட்டிச் சாதத்தால் ஒட்டிய படம். நம் வழக்கப்படி பிறந்தநாளுக்குரிய திருநக்ஷத்திரமும் உண்டு. பிறந்த நாள் தெரியாததால், ஜெயித்த நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து அன்றைய நக்ஷத்திரத்தை எழுதிக்கொள்வார். வருஷா வருஷம் அந்த மாதத்தில் அந்த நக்ஷத்திரம் வந்ததும், “அம்மா, இன்னிக்கு ஒரு பெரியவாளுக்குத் திருநக்ஷத்திரம். அக்காரவடிசல் பண்ணேன்” என்பார். எந்தப் பெரியவர் என்று அம்மா கேட்டதில்லை.

ஹைபீரியன் அவருக்கு உயிர். குட்டைக் குதிரை. மற்றவற்றின் தீனித்தொட்டி எட்டவில்லை என்று அதற்கு மட்டும் தாழ்த்திக் கட்டினார்களாம். நான்கு காலும் வெள்ளை. அம்மாமண்டபத்து ஜட்கா வண்டிக்கார பாயிடம் இதைச் சொன்னபோது அவர் தம் கிழட்டு மட்டக்குதிரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “நாலு காலும் வெள்ளை, சரி. அதுக்கு நெத்தியிலயும் வெள்ளை இருக்கா சாமி? இருந்தாத்தான் பஞ்சகல்யாணி. இல்லேன்னா சும்மா குதிரைதான்.” அண்ணா மூன்று நாள் பழைய பத்திரிகைப் படங்களைப் புரட்டினார். நிச்சயம் செய்ய முடியவில்லை. நோட்டில் ‘பாய் சந்தேகம்’ என்று குறித்திருக்கிறார்.

ஹைபீரியனின் திருநக்ஷத்திரத்தன்று பெரியப்பா ஆறு வருஷம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதை அவர் இப்போதுதான் தெரிந்துகொள்கிறார்.

இனித் தந்தி விஷயம். வீதியில் அனைவரும் அறிந்ததுதான், ஆனால் பெரியப்பா சொல்லும் விதமாகவே அறிந்திருக்கிறீர்கள். தோல்வியே காணாத பஹ்ராம் என்ற குதிரை கினீஸையும் டெர்பியையும் ஜெயித்துவிட்டு லெஜருக்கு நின்ற வருஷம் அது. மூன்றையும் ஒரே குதிரை ஜெயிப்பது அபூர்வம். சென்னையில் தந்தி ஆபீஸிலிருந்த நண்பர் ஒருவர் முடிவை உடனே தெரிவிப்பதாக அண்ணாவிடம் சொல்லியிருந்தார். மறுநாள் பத்து மணிக்கு அண்ணா பெயருக்குத் தந்தி வந்தது. அண்ணா ஆபீஸில். சென்னையில் எங்கள் அத்தை படுக்கையாக இருந்த சமயம்.

“பிரிச்சுப் பாத்துடலாமே பெரியப்பா” என்றேன். எனக்குப் பதின்மூன்று வயது, இங்கிலீஷ் படிக்க வரும்.

“பிரிக்காதே. தந்தி எதுக்கு வரும்னு எனக்குத் தெரியாதா? எல்லாரும் போய் முழுகுங்கோ.”

முழுகினோம். தீட்டென்று, சமைத்திருந்த தளிகை முழுவதும் கொல்லையில் கொட்டப்பட்டது. பெரியப்பா கொள்ளிடத்துக்கே போய் ஸ்நானம் செய்து, ஈர வேஷ்டியோடு வீதியில் தகவல் சொல்லிக்கொண்டே வந்தார். துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். நல்லவள், கை தாராளம், என்று அத்தையைப் பற்றி அன்று பேசியவர்கள் அதற்கு முன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாலையில் அண்ணா வந்து, அத்தனை பேர் நடுவில் தந்தியைப் பிரித்தார். இரண்டு தரம் படித்துவிட்டு மடித்தார்.

“எப்போ போனாளாம்?” என்றார் பெரியப்பா.

“அத்தை சௌக்கியம், பெரியப்பா. பஹ்ராம் ஜெயிச்சுடுத்து.”

“அது யாரு?”

“குதிரை.”

யாரோ ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் வினை. குதிரைக்கு முழுகினவர் என்று வீதியில் பெரியப்பாவுக்குப் பெயர் வந்தது. பெயர் வைத்தது அண்ணா அல்ல, இந்த மலரில் அண்ணாவின் அடக்கத்தைப் புகழ்ந்திருப்பவர்களில் ஒருவர். ஆனால் பெரியப்பா அதை அண்ணாவின் கணக்கில்தான் வைத்தார். அத்தை இன்றும் சௌக்கியமாக இருக்கிறாள். இந்தப் பக்கத்தை அவளும் படிப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து உறையூரிலிருந்து பெண் கொடுக்க வந்தார்கள். ஜாதகம் பொருந்தியது, அவர்களுக்கும் அண்ணாவைப் பிடித்தது. வழியனுப்பப் போன பெரியப்பா வாசலில் சொன்னதை நான் ஜன்னலோரம் நின்று கேட்டேன். “பையன் தங்கம். ரேஸ்ல கொஞ்சம் சபலம். கல்யாணமானா சரியாப் போயிடும்.” அவர்கள் திரும்பி வரவில்லை. அதற்குப் பின் வேறு யாரும் வரவில்லை. அண்ணா ஒரே ஒரு முறை கேட்டார்.

“நான் எங்கேயும் பணம் கட்டினதில்லையே, பெரியப்பா.”

“கட்டறவன் கட்டினேன்னு சொல்லுவானோ?”

அண்ணா மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். என் காலேஜ் படிப்பு அவர் போய்வந்த அந்த ஆபீஸால் நடந்தது. என்னைச் சேர்க்க அவரே கூட வந்தார். பெயர் பதிந்து முடித்து வெளியே வந்ததும், “இது செல்லும்” என்றார்.

சென்ற வருஷம் ஆவணியில் அவருக்கு விஷஜுரம். ப்ளூ பீட்டர் என்ற குதிரை கினீஸும் டெர்பியும் ஜெயித்து லெஜருக்குக் காத்திருந்தது. ஜுரத்திலும் அதே கேள்வி. லெஜருக்குச் சில நாள் முன்பு யுத்தம் மூண்டது, பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்து மடித்து வைத்துவிட்டு அண்ணாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“லெஜர் என்ன ஆச்சு?”

“ப்ளூ பீட்டர் ஜெயிச்சுடுத்து அண்ணா.”

“எத்தனை லெங்த்?”

“மூணு குதிரை நீளம்.”

“எழுதிடு.” அவர் பார்க்க நோட்டில் எழுதினேன். “நக்ஷத்திரம்?”

“நாளைக்குப் பாத்து எழுதறேன்.”

மறுநாள் விடிந்ததும் அண்ணா போய்விட்டார். பத்தாம் நாள் காரியத்தன்று அந்த நோட்டைக் கொள்ளிடத்தில் விட்டுவிடச் சொன்னார் பெரியப்பா. என் காலேஜ் நோட்டு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். விட்டுவிட்டு வந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் குறைவு, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஆற்றில் வெள்ளம் போன நாட்களிலும் பாலம் தாண்டி டாக்டரை அழைத்துவந்து, கடைசி நாள் குதிரையை அவிழ்த்துப் பிடித்தபடி எங்கள் வாசலெதிரே நின்ற பாய்க்கு. பழைய பத்திரிகைகளை அண்ணாவுக்கென்று எடுத்து வைத்த ஜங்ஷன் கடைக்காரருக்கு. இந்தப் பக்கங்களை யாரையும் கேட்காமல் அச்சுக்கோத்த அச்சாபீஸ்காரர்களுக்கு. அம்மாவுக்கு.

அண்ணாவின் நோட்டில் பொய்யான வரி ஒன்றே ஒன்று, அது என் கையெழுத்து. ஓடாத பந்தயத்துக்கு நக்ஷத்திரம் கிடையாது, எனவே அந்த இடம் ஒரு வருஷமாகக் காலியாக இருந்தது. வருஷாப்திகம் முடிந்து, துக்கம் தீர்க்கும் சுபத்துக்கு வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இந்த மலர் இருக்கிறது. இன்றைய நக்ஷத்திரத்தைப் பஞ்சாங்கம் பார்த்துக் காலையில் அங்கே எழுதிவிட்டேன். பந்தியில் உங்கள் இலையில் விழுந்த அக்காரவடிசல் ப்ளூ பீட்டருக்கு. பெரியப்பா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அம்மா நிறையவே பண்ணியிருக்கிறாள்.