பிஸ்கட்டின் முழுவியளம்

எட்டு வயதில் எனக்கு வீட்டில் ஒரு பதவி இருந்தது. யாராவது நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் நான் எதிரே போய் நிற்கவேண்டும். புறப்படும்போது முதலில் எதிர்ப்படும் முகத்தை யாழ்ப்பாணத்தில் முழுவியளம் என்பார்கள். அப்பா மூன்றாம் தடவையில் கார் ஓட்டும் சோதனை பாஸ் பண்ணியது என் முழுவியளத்தால்தான் என்று அம்மா சொல்லிவிட்டார். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது.

சின்னம்மா நேர்மாறு. சித்தப்பா இறந்தபின் மெல்பேர்னுக்கு எங்களோடு வந்து சேர்ந்தவர். யாராவது சப்பாத்தைப் போட்டால் போதும், குசினிப் பின்கதவால் நழுவி வேலியோரம் போய்விடுவார். கார்ச் சத்தம் அடங்கியபின்தான் திரும்புவார். வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டு வெள்ளைக்கார அக்காவின் குதிரை நிற்கும், பெயர் பிஸ்கட். சும்மா நிற்பானேன் என்று சின்னம்மா அதற்குக் கரட் கொடுக்கத் தொடங்கினார். பிறகு கதையும் தொடங்கியது, தமிழில்தான். எங்களோடு கதைத்ததைவிட அதனோடு கதைத்ததுதான் அதிகம்.

எழுபதுகளில் ஒரு வருடம், குதிரைகளின் பெரிய போட்டிக்கு அந்த அக்கா எங்களையும் கூப்பிட்டாள். மூன்று நாள் போட்டி. முதல் நாள் குதிரை அடக்கமாக நடந்து காட்டவேண்டும், அடுத்த நாள் மரக்குற்றி, பள்ளம், தண்ணீர் எல்லாம் பாய்ந்து காடுமேடாக ஓடவேண்டும், கடைசி நாள் மைதானத்தில் தடி தாண்டவேண்டும். முந்திய வருடம் பிஸ்கட் இரண்டாம் நாள் புறப்படவே மறுத்துவிட்டது. இம்முறையும் முரண்டு பிடித்தால் அதை விற்றுவிடுவதாக அவள் தகப்பன் சொல்லியிருந்தார்.

நாங்கள் இரண்டாம் நாள் போனோம். அம்மா சேற்றில் பட்டுச்சேலையோடு இறங்கி, என்னைத் தொடக்கக் கயிற்றுக்குக் கிட்ட நிறுத்தி, "பல்லைக் காட்டிக்கொண்டு நில்" என்றார். சின்னம்மா வழக்கம்போலக் காருக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

அக்காவைச் சுமந்துகொண்டு பிஸ்கட் வந்தது. விழாமல் மிச்சமிருந்த பற்களையெல்லாம் காட்டினேன். அது என்னைப் பார்த்தது, உடனே பின்னால் திரும்பிவிட்டது. மறுபடி கொண்டுவந்தாள், மறுபடி திரும்பியது. மணிக்கூட்டோடு நின்றவர் நேரம் போகிறதென்று தலையை ஆட்டினார். அக்காவின் முகம் அழுகைக்கு வந்துவிட்டது. அப்போது பிஸ்கட் எங்கள் காரைப் பார்த்துக் கனைத்தது. அவளுக்கு விளங்கிவிட்டது.

"அன்ரி! ப்ளீஸ், கம்!"

"நான் முன்னுக்கு வரக்கூடாது அக்கா. அந்தப் பிள்ளைக்கு நல்லதில்லை" என்று சின்னம்மா, தன்னைக் கூட்டிவரப் போன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குதிரைக்கு உதெல்லாம் தெரியாது. நீ போடி!"

சின்னம்மா போய் நேரெதிரே நின்றார். "போயிட்டு வா ராசா" என்றார். பிஸ்கட் அவர் தோளை மோந்துவிட்டு எடுத்தது ஓட்டம்! ஒரு தடையிலும் நிற்கவில்லை. அக்கா திரும்பி வந்து குதித்து இறங்கி, சேற்றுக் கையோடு சின்னம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அப்பா தொப்பியை மேலே எறிந்தார். எங்கள் இடியப்பப் பார்சல் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் பங்கு போனது. சின்னம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

நான் மட்டும் காருக்குள் உம்மென்று இருந்தேன். பதவி போய்விட்டதே!

திங்கட்கிழமை காலை அப்பா வேலைக்குப் புறப்பட்டபோது விட்டேனா என்று ஓடிப்போய் முன்னால் நின்றேன். அம்மா என்னை மெல்ல விலக்கி, "இண்டைக்குச் சின்னம்மா நிக்கட்டும்" என்றார். குசினிக் கதவருகே வரை போயிருந்த சின்னம்மா திரும்பி வந்து வாசலில் நின்றார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. என் வேலையைப் பறித்த வெட்கத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். பாவம் என்று பெரிய மனது பண்ணி அவரை மன்னித்தும் விட்டேன்.