ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுங்கடா

ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிறவள் நான். ஃபுட்பால் ஆடித்தான் அந்த வேலையே கிடைத்தது. ஸ்டேஷன் என்றால் எனக்கு ஒரே ஸ்டேஷன்தான். அதுதான் அன்றைக்கு என் மானத்தை வாங்கப் பார்த்தது.

டூட்டி முடிந்ததும் திருவொற்றியூர் கடலோரத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பேன். ஏரியாவில் யார் மண்டை உடைந்தாலும் போலீஸ் முதலில் தேடுவது இவர்களைத்தான். வந்த புதிதில் ஆளாளுக்குப் பொய்ப் பேர் சொன்னார்கள். நிஜப் பேரைச் சொன்னால் நான் போய்ப் போட்டுக் கொடுத்துவிடுவேனாம்! வந்த கோபத்தில் மூச்சு வாங்க ஓடவிட்டேன். கூடவே நானும் ஓடினேன். நாளாக ஆக 'மேடம்' போய் 'அக்கா' வந்தது. பேர் மட்டும் வரவில்லை.

அதில் கோல்கீப்பர்தான் ரொம்ப உஷார். போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். சுற்றிக்கொண்டுதான் மைதானத்துக்கு வருவான்.

பொன்னேரியில் எங்கள் முதல் மேட்ச். "ரவுடிப் பசங்க, சொன்னா சொன்னபடி வர மாட்டானுங்க" என்று என் காதுபடவே பேசினார்கள். போகாமல் விட்டால் அப்புறம் எந்த டீமும் எங்களைச் சேர்த்துக்கொள்ளாது. முந்தின நாள் சாயங்காலம் சொன்னேன்: "காலையில ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுங்கடா. எவனாவது லேட்டா வந்தான், தோலை உரிச்சிடுவேன்."

ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. என் அதட்டலுக்கு அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் பிளாட்பாரத்தில் நான் மட்டும். ரயில் வந்தது, போனது. கோல்கீப்பரின் போன் ஸ்விட்ச் ஆஃப். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவன் வீட்டுக்குப் போனால், வாசலில் அவன் அம்மா அழுதுகொண்டிருக்கிறார்.

"நீதானம்மா ஸ்டேசனுக்கு வரச்சொன்ன? எம்புள்ள இன்னா தப்பு பண்ணான்?"

அட கடவுளே!

ஓடினேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஜெர்சியும் பூட்ஸுமாக மொத்த டீமும் நிற்கிறது. முன்னால் பந்தோடு கோல்கீப்பர். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரும்மா இவனுங்க? போங்கடான்னாலும் போக மாட்டேங்கறானுங்க. அக்கா வரும், அக்கா வரும்ங்கறானுங்க" என்று ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் சொன்னது ரயில்வே ஸ்டேஷன்டா, மடையனுங்களா!"

"அத்த சொல்ல மாட்டியாக்கா? நம்மாண்ட ஸ்டேசன்னா இதான?" என்றான் கோல்கீப்பர்.

"பயமா இல்லையாடா?"

"பேஜாராத்தான் இருந்துச்சு. நீ கூப்ட்ட, வந்துட்டோம். ஏட்டு பேரு கேட்டாரு. நெஜப் பேரையே சொல்ட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒனக்கே தெரியாதுல்ல?" என்று அதை என்னிடமும் சொன்னான்.

திட்ட வந்தவள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். கண் கலங்கிவிட்டது.

அடுத்த ரயிலைப் பிடித்து, விசில் ஊதுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். ஒரு கோல் முன்னால் இருந்தோம். முடியப் போகிற நேரத்தில் எதிர் டீமுக்குப் பெனால்டி. தொண்டை கிழிய அவன் நிஜப் பேரைச் சொல்லிக் கத்தினேன். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். பிறகு பாய்ந்தான். பந்து அவன் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

ஜெயித்துவிட்டோம்! பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, அதே பேரைச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். பொன்னேரி மொத்தத்துக்கும் கேட்டிருக்கும்.