பிள்ளைக்காம்பராவின் ஆயா

அந்த நாவலை எழுதிய மூன்று வருடமும் நான் களைத்துத்தான் இருந்தேன். கந்தப்பளையிலிருந்து இரண்டு பஸ் மாறி, பிறகு முக்கால் மைல் ஏறித்தான் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைக்குப் போக வேண்டும். திரும்பும் பஸ் மூன்றரைக்கு. பள்ளிக்கூடம் விட்டபின் கிடைக்கும் அந்த ஒன்றரை மணித்தியாலத்தில், ஆசிரியர் அறையின் ஈர வாசத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினேன். ஐம்பது வயது தாண்டிய தமிழ் டீச்சர் பேய்க்கதை எழுதுகிறாள் என்று சக ஆசிரியர்கள் சிரித்ததும் உண்டு. எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

இளம் பிள்ளைகளுக்கான மர்ம நாவல் அது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் நடப்பதாக எழுதியிருந்தேன். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, பூட்டிக் கிடக்கும் பிள்ளைக்காம்பராவிலிருந்து தாலாட்டுச் சத்தம் கேட்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப்போகும் அறைதான் பிள்ளைக்காம்பரா. அங்கே முன்னொரு காலத்தில் என்ன நடந்தது என்று அவள் துப்புத் துலக்குகிறாள்.

காம்பராவை நான் கற்பனை செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கீழே, தகரம் பிய்ந்து, பின்சுவர் மண்ணுக்குள் புதைந்து அது நின்றது. தூறல் விழும் பிற்பகல்களில் அங்கே ஒரு பொம்பளை தாலாட்டுவாள் என்று, தொழிலாளர் குடியிருக்கும் லயம் தொடங்கித் தோட்டமே சொல்லும். நான் வேறு தோட்டத்தில் பிறந்தவள். அந்தக் கதையை எடுத்து நூறு வருடம் பின்னால் தள்ளி வைத்தேன். குற்றவாளி ஒருவர் வேண்டியிருந்ததால் ஆயாவையே குற்றவாளியாக்கினேன். அழும் பிள்ளைகளுக்கு அபின் கலந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, தானும் தூங்கிப்போகிறாள். பிள்ளைகள் விழிப்பதில்லை. செத்த பிறகும் அவளுக்கு நிம்மதியில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் ஒன்பதாம் தரத்துக்கு அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டினேன். வழக்கமாகச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். இரண்டாவது வரிசையில் உட்காரும் ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் வருவதை நிறுத்தியிருந்தாள். காய்ச்சல் என்று சொல்லியனுப்பியிருந்தாள். நான் நம்பினேன்.

நாலாவது வாரம் அவளுடைய அம்மா வந்தார். நேரே கொழுந்து மலையிலிருந்து வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உட்காரச் சொன்னேன், தரை நனைந்துவிடும் என்று வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், நீங்க கதையில எழுதுற ஆயா எங்கம்மாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இது வெள்ளைக்காரன் காலத்துக் கதை, நான் யாரையும் நினைத்து எழுதவில்லை என்று விளக்கினேன். என் குரல் வகுப்பில் பேசுகிற குரலாகவே இருந்தது. நான் முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்தக் காலத்துல வச்சாலும் லயத்துல எல்லாருக்கும் யாருன்னு தெரியும்ங்க. எம் மக கூடப் படிக்கிற புள்ளைங்க அவகிட்ட, ஒங்கம்மாயி அபின் குடுத்தாங்களான்னு கேக்குதுங்க."

பிறகு நின்றபடியே நடந்ததைச் சொன்னார். அவர் பிறப்பதற்கு முந்திய மழைக்காலம் ஒன்றில் காம்பராவுக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்திருக்கிறது. உள்ளே பதினொரு பிள்ளைகள். ஆயா ஒருத்திதான் பெரியவள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று இரண்டிரண்டாகத் தூக்கி ரோட்டோரம் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். கடைசித் தடவை மூன்று பிள்ளைகள் மிச்சம். ஒன்றைத் தூக்கி வாசலுக்கு வெளியே விடும்போது சுவர் விழுந்தது. அவளுக்குக் கால் முறிந்தது. உள்ளே இருந்த இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள்.

சுவரில் வெடிப்பு இருப்பதை, வேலையை மேற்பார்வை செய்யும் கணக்கப்பிள்ளையிடம் அவள் இரண்டு முறை சொல்லியிருந்தாளாம். ஆனால் விசாரணையில் ஆயா தூங்கிவிட்டாள் என்று எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளுக்கும் அதை நம்புவது லேசாக இருந்தது. அதற்குப் பிறகு லயத்தில் ஒருவரும் அவள் கையில் குழந்தையைக் கொடுக்கவில்லை. பிறகு இவர் பிறந்தபோதுகூட, ராத்திரியில் முழித்திரு என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்களாம்.

வேலை முடிந்த பிற்பகல்களில் அவள் நொண்டியபடி அந்த இடிந்த காம்பராவுக்குப் போவாள். சூடம் கொளுத்திவிட்டு அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தாலாட்டுப் பாடிவிட்டு வருவாள். தூறலில் தூரத்திலிருந்து கேட்டவர்கள் பேய் என்றார்கள்.

"எங்கம்மா உசுரோட இருக்கப்பவே அவங்கள பேயாக்கிட்டாங்க டீச்சர். செத்து எட்டு வருசமாச்சு. இப்ப புத்தகத்துலயும் வரப்போவுதுன்னு மக சொல்லுச்சு. அதான் வந்தேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். சொல்லிவிட்டு, படங்கைப் பிழிந்துகொண்டு இறங்கிப் போனார். அன்று மூன்றரை பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து அவர் வரும்வரை காத்திருந்து, அந்த இடத்தைக் காட்டுவீர்களா என்று கேட்டேன். கூட்டிப் போனார். மூன்று வருடம் எழுதியிருந்தும் நான் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. உள்ளே எருக்குழி போல மண். தொட்டில் கட்டிய கம்பி ஒன்று கூரையில் தொங்கியது. லேசாகத் தூறத் தொடங்கியது. எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்ல வெட்கமில்லை. தாலாட்டு கேட்டுவிடுமோ என்று காது முழுதும் திறந்திருந்தது. தகரத்தில் தண்ணீர் விழும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான் நினைத்ததை அவர் முகத்தில் பார்த்திருக்க வேண்டும். "எல்லாருக்கும் கேக்குதாங்க" என்றார். "போன மாசங்கூட பங்களாத் தோட்டக்காரருக்குக் கேட்டுச்சாம். நானும் எட்டு வருசமா வந்து வந்து பாக்குறேன். எனக்குத்தான் ஒரு நாளும் கேக்கல."

தாலாட்டு எந்தப் பாட்டு என்று கேட்டேன். அவர் முதல் அடியைச் சொல்லத் தொடங்கி, நினைவில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில், நான் எழுதிய கதை தப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். செத்துப்போன ஒருவர் மறுத்துப் பேச மாட்டார் என்பதால் அவர்மேல் பழியைப் போட்டது என்னுடைய சோம்பல் என்றேன். ஒரு பையன் எழுந்து, அப்ப பேய் இல்லையா டீச்சர் என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு வருடம் திருத்தி எழுதினேன். நாவலில் தாலாட்டு இருந்தது, பேயும் இருந்தது. துப்புத் துலக்கும் பெண் கடைசியில் கண்டுபிடிப்பது ஒரு பொய் அறிக்கையை. கொழும்பிலிருந்து பதிப்பாளர் போனில் பேசினார். முந்திய பிரதியில் திகில் இருந்தது, இதில் துக்கம்தான் இருக்கிறது, பிள்ளைகள் வாங்குவார்களா என்று கேட்டார். அபின் அத்தியாயத்தைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்றும் கேட்டார். முடியாது என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஏழு மாதம் கழித்து, முதலில் பேசியதைவிடக் குறைந்த பிரதிகளாக அச்சிட்டார்.

ஒரு பிரதியை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வேலைக்குப் போயிருந்தார். மகள்தான் வாங்கினாள். அப்போது அவள் பதினோராம் தரம். வெள்ளிக்கிழமைகளில் மீண்டும் வரத் தொடங்கியிருந்தாலும் என்னிடம் அவள் பழையபடி பேசுவதில்லை. புத்தகத்தைப் புரட்டாமல் அட்டையைப் பார்த்தாள். இருண்ட வாசலில் ஒரு பெண்ணுருவம், கைகளில் குழந்தை. அது பதிப்பாளரின் ஏற்பாடு, என்னைக் கேட்கவில்லை.

"எங்கம்மாயிக்கு இவ்வளவு நீள முடி இல்ல டீச்சர்" என்றாள்.

சரி என்றேன். அவள் புத்தகத்தை உள்ளே கொண்டுபோய்ச் சாமிப்பட அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வந்து, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. இருந்தாலும் குடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.