அறுபத்து மூன்றாவது கையெழுத்து

தொலைபேசியில் ஜோலின் அழுகிறாள் என்பது டார்லா ஹோவ்லண்டுக்கு முதலில் பிடிபடவில்லை. தேர்தல் வாரத்தில், மாவட்ட அளவில் தேர்தலை நடத்தும் கவுன்டி எழுத்தர்களின் குரல் கம்மிப்போய்த்தான் இருக்கும். டார்லாவே இருபத்திரண்டு வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர். செவ்வாய்க்கிழமை தேர்தல் முடிந்து அன்று வியாழன். கீலர் கவுன்டி எழுத்தரான ஜோலின் சளிப்பிடித்துப் பேசுகிறாள் என்றே நினைத்தார்.

"டிரை ஃபோர்க் வாக்காளர் புத்தகத்தைத் திறந்து பாத்தேன், டார்லா. ஒரு கையெழுத்துகூட இல்ல."

"எத்தனை பேர் ஓட்டுப் போட்டிருக்காங்க?"

"அறுபத்து மூணு. எல்லாப் பேருக்கு நேராவும் சிவப்புப் பென்சில்ல டிக் இருக்கு. ஆர்டிஸ் போட்டது. கையெழுத்துக் கட்டம் பூரா காலி."

ஆர்டிஸ் அந்த ஊர் வாக்குச்சாவடியின் பொறுப்பாளர். ஊர்ச் சமூகக்கூடத்தில் காபிப் பானையும் எலுமிச்சை கேக் துண்டுகளும் வைத்துக்கொண்டு முப்பது வருஷமாகத் தேர்தல் நடத்துகிறவள். ஏன் கையெழுத்து வாங்கவில்லை என்று ஜோலின் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இது: "வெளியில பனி கொட்டுது. கையுறையோட வர்றாங்க. நாப்பது வருஷமா பக்கத்துப் பண்ணையில இருக்கிறவன்கிட்ட 'நீ யாரு, எழுதிக் காட்டு'ன்னு கேக்கச் சொல்றியா? அவன் கல்யாணத்துக்குக் கேக் செஞ்சதே நான்தான்!"

டார்லாவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும்விட்டது.

தேர்தலை நடத்துகிறவரே தேர்தலில் நின்று அந்தப் பதவிக்கு வரவேண்டும் என்பது அந்த மாநிலத்தின் ஏற்பாடு. பதவியின் பெயர் மாநிலச் செயலாளர். கம்பெனிகளின் பதிவும் மாநில முத்திரையும் தேர்தலும் அவர் பொறுப்பு. சமைத்தவரே பந்தியிலும் உட்கார்ந்து, யார் இலையில் எவ்வளவு விழுந்தது என்றும் சொல்லவேண்டிய நிலை அது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அந்த நிலை வரும். எட்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருந்த டார்லா மூன்றாவது தடவை நின்றிருந்தார். எதிரே நின்றவர் கிராண்ட் கோல்பி என்கிற இளவயது வழக்கறிஞர். செவ்வாய்க்கிழமை எண்ணிக்கைப்படி மாநிலம் முழுவதிலும் சேர்த்து டார்லா பத்தொன்பது ஓட்டில் தோற்றிருந்தார்.

டிரை ஃபோர்க் ஓட்டுப் பெட்டியில் கோல்பிக்கு ஐம்பத்து நான்கு, டார்லாவுக்கு ஒன்பது. கையெழுத்து இல்லை என்று அந்தப் பெட்டியைத் தள்ளிவிட்டால் இருபத்தாறு ஓட்டில் அவர் ஜெயிக்கிறார். இதைக் கணக்கிட அவருக்குக் காகிதம் தேவைப்படவில்லை. ஜோலினுக்கும் தேவைப்படவில்லை. அழுகை அதனால்தான்.

"நான் என்ன செய்யணும்னு நீங்கதானே சொல்லணும்," என்றாள் ஜோலின். "வேற யாருகிட்ட கேக்கறது?"

"மத்தியானத்துக்குள்ள பதில் வரும்," என்று சொல்லி டார்லா வைத்துவிட்டார்.

டார்லாவை நல்ல அரசியல்வாதி என்று சொன்னால் அது பொய். கோடைக்காலச் சந்தைகளில் மற்ற வேட்பாளர்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருக்க, இவர் தன் மேஜையில் நின்று "பேர் பதிஞ்சிட்டீங்களா? கடைசித் தேதி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். "ஓட்டுப் போடுங்க" என்பது சரளமாக வரும். "எனக்குப் போடுங்க" என்பது தொண்டையிலேயே நின்றுவிடும். பிடிவாதமும் அதிகம். ஒருமுறை வாக்குச்சீட்டின் மடிப்பு ஒரு வேட்பாளரின் பெயர்மேல் விழுகிறது என்று அச்சடித்த சீட்டு அத்தனையையும் திருப்பி அனுப்பினார். அச்சகத்துக்காரர் இன்றைக்கும் அவரோடு பேசுவதில்லை. டார்லாவின் கணவர் லைஃப் உயிரோடு இருந்தபோது, வீட்டுச் சாமான் பட்டியலைக்கூட அளவுகோல் வைத்துச் சரிபார்க்கிறவள் என்று கேலி செய்வார். அவர் போய் ஐந்து வருஷமாகிறது. அதற்குப் பிறகு டார்லாவுக்கு வீடு என்பது தூங்குகிற இடம். அலுவலகம்தான் மற்றதெல்லாம். அது கையைவிட்டுப் போவது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

துணைச் செயலாளர் ராய்ஸ் பெக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது.

"மேடம், இதுல நீங்க கை வைக்கவே கூடாது. ஒதுங்கிடுங்க. மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு அனுப்பிடலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

"அவர் என்ன சொல்வாரு?"

ராய்ஸ் ஜன்னலைப் பார்த்தார். தலைமை வழக்கறிஞர் டார்லாவின் கட்சிக்காரர். கையெழுத்து இல்லாத பெட்டி செல்லாது என்று அவர் மூன்று கூட்டங்களில் பேசியிருக்கிறார்.

"அவர் என்ன சொன்னா என்ன? சொல்றது நீங்க இல்லையே."

"அதாவது, நான் நல்லவளாவும் இருக்கலாம், நாற்காலியும் இருக்கும்."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லல. நான்தான் சொல்லிப் பாத்தேன்."

டார்லா உடனே மறுத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டு சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றி இரண்டு சுற்று நடந்தார். பனி வாரிய பாதை குறுகலாக இருந்தது. ஒதுங்குவது மரியாதையான காரியம்தான்; தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பதை அவரும் நம்புகிறவர். ஆனால் எந்தப் பக்கம் தள்ளிவிட்டால் பந்து எங்கே போய் விழும் என்று தெரிந்தபிறகு தள்ளிவிடுவதும் எறிவதுதானே? கை சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். அப்படியானால் யாரிடம் கேட்பது? இந்தப் பெட்டியால் யாருக்கு லாபம் என்று தெரியாத ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் மாநிலத்தில் இப்போது இல்லை.

இரண்டாவது சுற்றின் முடிவில், ஒருவர் இருந்தார் என்பது நினைவுக்கு வந்தது. எட்டு வருஷத்துக்கு முந்தைய டார்லா.

பதவிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வேறொரு கவுன்டியில், பள்ளிக்கூடக் குழுத் தேர்தலில், இதே தவறு நடந்தது. அப்போது அவர் ஒரு சுற்றறிக்கை எழுதினார். சாவடிப் பொறுப்பாளரின் தவறு வாக்காளர் தலையில் விழக் கூடாது. டிக் செய்யப்பட்ட ஒவ்வொருவரும், கவுன்டி சரிபார்ப்பு முடிவதற்குள், தான் வந்து ஓட்டுப் போட்டதாக எழுத்தர் முன்னிலையில் உறுதிமொழியில் கையெழுத்திட்டால் அந்தப் பெட்டி செல்லும். ஒருவர் விட்டாலும் செல்லாது. சீட்டுகள் கலந்துவிட்டதால் எது யாருடையது என்று பிரிக்க வழியில்லை. அதை எழுதியபோது ஜெயிக்கப்போவது யார், தோற்கப்போவது யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அந்தச் சுற்றறிக்கையைத் தேடி எடுத்து, ஒரு சொல்லும் சேர்க்காமல், ஒரு சொல்லும் குறைக்காமல் ஜோலினுக்கு அனுப்பினார். ராய்ஸ் அதைப் படித்துவிட்டு நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நம்ம கட்சி ஆபீஸ்ல என்னைத் தொலைச்சிடுவாங்க," என்றார்.

"எனக்கு வர்ற போனையும் சேத்து நீங்களே எடுங்க, ராய்ஸ். உங்க குரல் இனிமையா இருக்கும்."

சரிபார்ப்பு மறுவாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடியும். ஜோலின் உறுதிமொழித் தாள்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வண்டியில் கிளம்பிவிட்டாள். திங்கட்கிழமைக்குள் நாற்பது. மாட்டுக் கொட்டகையில் சிலர், தேவாலயத்தின் நிலவறையில் சிலர். மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த ஒருத்தி நூற்றைம்பது மைல் வண்டி ஓட்டித் திரும்பி வந்தாள். வியாழக்கிழமை அறுபத்து இரண்டு. டார்லா ஒருநாளும் எண்ணிக்கை கேட்கவில்லை. ராய்ஸ்தான் கேட்டு வந்து, அவர் மேஜைக்கு அருகே நின்று, சொல்லாமல் போவார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வரவேற்பறையிலிருந்து அழைப்பை இணைத்தார்கள். எம்மெட் ராஷ். டிரை ஃபோர்க்குக்கு வடக்கே கடைசிப் பண்ணைக்காரர். லைஃபோடு சேர்ந்து வேட்டைக்குப் போனவர்.

"டார்லா, நான் எம்மெட்."

"கால் எப்படி இருக்கு?"

"காலு கெடக்கட்டும். ஜோலின் காகிதத்தோட வந்து முற்றத்துல நிக்கிறா. நாய் அவளை வண்டிய விட்டு எறங்க விடல. நானும் நாயைக் கூப்பிடல."

"ஏன்?"

"ஏனா? கணக்கு எனக்கும் தெரியும்மா. அறுபத்து ரெண்டு பேரு போட்டாச்சு, நான் ஒருத்தன் கையெழுத்துப் போடலன்னா பெட்டி போச்சு. பெட்டி போச்சுன்னா நீ இருக்கே. ஒன்பது பேர்ல ஒருத்தன் நான்."

"அதை என்கிட்ட சொல்லக் கூடாது எம்மெட். யாருக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியவே கூடாது."

"அதான் சொல்லிட்டேனே! இனிமே எப்படித் தெரியாம போகும்?"

டார்லா கண்ணை மூடிக்கொண்டார். "கையெழுத்துப் போடறதும் போடாததும் உன் இஷ்டம். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. சட்டம் அதைத்தான் சொல்லுது."

"அப்பச் சரி. போடல. ஜோலினுக்குக் காபி குடுத்து அனுப்பிடறேன்."

இங்கே டார்லா தொலைபேசியை வைத்துவிட்டிருக்கலாம். அதிகாரி சொல்லவேண்டியது அந்த வாக்கியத்தோடு முடிந்துவிட்டது. அதற்குமேல் ஒரு வாக்காளரை ஒரு பக்கமாகச் சாய்ப்பது அவர் வேலை இல்லை என்று யாரும் வாதாடலாம். அவரே வேறொரு நாளில் வாதாடியிருப்பார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுமுனையில் நாய் குரைப்பது கேட்டது.

"ஆர்டிஸ் எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"அவளா? ஞாயித்துக்கிழமை சபைக்கே வரல. ஜன்னல் திரையைப் போட்டுக்கிட்டு உள்ளயே இருக்கா. எலுமிச்சை கேக் வேணும்னு கேட்டா கதவைத் திறக்காமலே இல்லேங்கறா."

"அவ ஓட்டும் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு."

டார்லா ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்த அறுபத்து ரெண்டு பேரும் பனியில வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க. கோல்பிக்காகவா வந்தாங்க? எனக்கு அப்படித் தோணல. நாங்க வந்தோம், எங்களை எண்ணுன்னு சொல்ல வந்தாங்க. நீ அவங்க ஓட்டை அழிச்சு நாற்காலிய எனக்குக் குடுக்கறேங்கற."

"உனக்காகத்தாம்மா."

"தெரியுது. ஆனா அந்த நாற்காலில நான் உக்காந்து என்ன பண்ணுவேன்? நாளைக்கு எவனாவது போன் பண்ணி, என் ஓட்டை ஏன் எண்ணலன்னு கேட்டா, எம்மெட் நாயைக் கூப்பிடலன்னு சொல்லட்டுமா?"

அந்தப் பக்கம் இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம்.

"லைஃப் சொல்லுவான், நீ சண்டையில ஜெயிக்கவே தெரியாதவள்னு."

"சொல்லுவார். நாயைக் கூப்பிடு எம்மெட்."

பிறகு தொலைபேசியை எங்கோ கீழே வைக்கும் ஓசை, கதவு, நீண்ட ஒரு விசில். குரைப்பு நின்றது. டார்லா கையில் ரிசீவரோடு இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பனியில் நடக்கும் காலடி கேட்டதுபோல இருந்தது, கேட்டிருக்க முடியாது. பிறகு மெதுவாக வைத்தார்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டை அவர் தொடவில்லை என்று ராய்ஸ் பின்னால் சொன்னார். அவர் அழுதாரா என்று கேட்டவர்களுக்கு, கதவு சாத்தியிருந்தது என்று மட்டும் சொன்னார்.

மறு எண்ணிக்கை டிசம்பர் நடுவில் முடிந்தது. பத்தொன்பது பதினேழானது, அதற்குமேல் அசையவில்லை. மாநிலச் சரிபார்ப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் டார்லா தன் தோல்வியை வாசித்து, தன் தோல்விக்குக் கையெழுத்திட்டார். கட்சிக்காரர்கள் யாரும் வரவில்லை. ஜோலின் வந்திருந்தாள். அவளோடு ஆர்டிஸும் வந்திருந்தாள், மடியில் அலுமினியத் தாள் மூடிய தட்டோடு, கடைசி வரிசையில். டார்லா அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ஆர்டிஸ் தட்டைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

கூட்டம் கலைந்தபிறகு வெற்றிச் சான்றிதழில் முத்திரை பதிக்கவேண்டியிருந்தது. அந்த அலுவலகத்து முத்திரைப்பொறி வார்ப்பிரும்பு. அதன் கைப்பிடி ஒரு ஆளின் முழங்கை நீளம் இருக்கும். கோல்பி பக்கத்தில் நின்றார். நல்ல கோட்டு, களைத்த முகம்.

"மிஸஸ் ஹோவ்லண்ட், ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பெட்டி விஷயத்துல நீங்க ஒதுங்கியிருந்தா உங்களை யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. நானே கோர்ட்டுக்குப் போயிருந்தாலும் நிச்சயம் தோத்திருப்பேன்."

"இதைப் பாருங்க," என்றார் டார்லா. "இடது பக்கம் எப்பவும் லேசாத்தான் விழும். அடியில ஒரு அட்டையை மடிச்சு வைக்கணும். கையால அழுத்துனா போதாது, தோளோட சாயணும்."

அட்டையை வைத்தார். சான்றிதழை நேராக்கினார். உடம்பின் எடை முழுவதையும் கைப்பிடியில் போட்டுச் சாய்ந்தார். எடுத்துப் பார்த்தால் இடது ஓரத்தில் இரண்டு எழுத்து மங்கலாக இருந்தது.

"தெரியுதே, போதும்," என்றார் கோல்பி.

டார்லா அந்தத் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தார். கோல்பி உதவிக்குக் கைப்பிடிமேல் கை வைத்தார்.

"வேண்டாம். ஜனவரி வரைக்கும் இது என் வேலை," என்று சொல்லி, மறுபடி சாய்ந்தார்.