ஆறாம் தொட்டியின் மூடி

மீன்குஞ்சுப் பண்ணையில் அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் பம்பரம். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. நாற்பத்தொன்பது வயதாகியும் மனிதருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கையில் சாவிக்கொத்து ஆடும். குட்டி போட்ட பூனைகூட நடுவில் கொஞ்சம் கண் அசரும். இவர் அசந்து தூங்கிப் பார்த்ததில்லை என்று கட்டிய மனைவியே சொல்வாள்.

அவர் பொறுப்பில் இருந்தது தாய்மீன் கூடம். ஆறு சிமென்ட் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மரமூடி, மூடிக்குக் கீழே முழங்கை நீளத்தில் தாய்மீன்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் விரல் நீளத்தில் வந்தவற்றை இவர்தான் வளர்த்து ஆளாக்கினார். முன்பு நாளைக்கு நாலைந்து தடவை, இந்த வருடம் முதல் அரைமணிக்கு ஒரு தடவை பூட்டைத் திறந்து உள்ளே போவார், மூடியைத் தூக்குவார், டார்ச் அடிப்பார், பார்த்த நேரத்தை நோட்டில் எழுதுவார். பூட்டில் சாவி நுழைந்தாலே உள்ளே தண்ணீர் தடதடக்கும். "என் சாவிச் சத்தம் கேட்டாலே துள்ளும். எங்க வீட்டுல கூட எனக்கு அந்த மரியாதை கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லட்டுமே, வளர்த்தவருக்கு அந்தப் பெருமைகூடக் கிடையாதா என்ன?

இந்தப் பருவத்தில்தான் விபரீதம் வந்தது. முட்டை பொரிந்து குஞ்சு வரும், ஐந்தாம் நாள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதக்கும். இரண்டாம் தடவையும் அதே கதை. மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"மூணாவது தடவையும் இப்படியே ஆச்சுன்னா தொட்டியெல்லாம் காலி பண்ணிடலாம். குஞ்சை வெளியில வாங்கிக்கலாம். பெரிய மீனெல்லாம் சந்தைக்குப் போகட்டும்."

சந்தையில் தராசுத் தட்டில் தன் மீன்கள் கிடப்பதைப் பம்பரத்தால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அதற்கு அவர் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள்: அரைமணிக்கு ஒரு தடவை பார்த்ததைக் கால்மணிக்கு ஒரு தடவையாக்கினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அந்தப் பார்வை.

அப்படியும் மனசு ஆறவில்லை. நேரே பரிசோதனைக்கூடத்துக்கு ஓடினார். அங்கே இருந்த டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசுகிறவர்.

"வளர்ச்சி ஹார்மோன்னு ஏதோ இருக்காமே, அதை ஊத்துங்கம்மா. ஊசியோ சொட்டோ, எதுவானாலும் சரி."

"ஊத்திப் பார்க்கலாம் அண்ணா. ஆனா குஞ்சுக்கு ஆரம்பத்துல அந்த ஹார்மோனெல்லாம் சொந்தமாச் சரியாச் சுரக்காது. அம்மா மஞ்சள் கருவுல கட்டிக் கொடுத்ததை வெச்சுத்தான் வாய் திறக்கணும், குடல் தயாராகணும். நம்ம குஞ்சுக்கு வாய் திறக்கிறதுக்குள்ள மஞ்சள் கரு தீர்ந்துடுது. அம்மா என்ன கட்டிக் கொடுத்தான்னு முதல்ல பார்ப்போம்."

தொட்டிவாரியாக எடுத்து வைத்திருந்த முட்டைகளைச் சோதித்தார். முடிவு வர நாலு நாள். அந்த நாலு நாளில் பம்பரம் பண்ணையைச் சுற்றிய சுற்றில் செருப்பு தேய்ந்தது. ஐந்தாம் நாள் டாக்டரம்மா அவரை நோட்டோடு வரச் சொன்னார்.

"ரெண்டு தடவையும் பிழைச்ச கொஞ்சநஞ்சம் ஆறாம் தொட்டிக் குஞ்சுதான். அதுக்கு மட்டும் தனியா என்ன செய்றீங்க?"

"அதுக்கா? ஒண்ணுமே செய்றதில்லையேம்மா. அதோட மூடி ஏகக் கனம், கீலும் உடைஞ்சிடுச்சு. தூக்க ரெண்டு ஆள் வேணும். அதனால ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்..." பாதியில் அவர் வாய் நின்றது.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். முதல் தடவையாகப் பம்பரத்தின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மத்த அஞ்சுக்கும் நாள் முழுக்க டார்ச் அடிச்சிருக்கீங்க அண்ணா. பயந்தாச் சுரக்கிற ஹார்மோன்னு ஒண்ணு இருக்கு. பயந்த அம்மா அதையும் சேர்த்துக் கருவுல வெச்சுடறா. அது அளவு மீறிப் போனா குஞ்சோட வளர்ச்சி கெட்டுடும். அந்த அஞ்சு தொட்டி முட்டையிலயும் அது ஏராளமா இருக்கு."

"என்னைப் பார்த்தா பயம்? அதுங்க என்னைக் கண்டா துள்ளுதும்மா."

டாக்டரம்மா நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

மறுநாள் பம்பரமே மேனேஜரிடம் போய், மூன்றாம் தடவை முட்டை பொரிந்து முடியும்வரை தன்னைத் தீவனக் கிடங்குக்கு மாற்றச் சொன்னார். ஆறு தொட்டிக்கும் தீவனம் போடுவதை டாக்டரம்மா ஏற்றுக்கொண்டார். கூடத்துக்கு இரண்டு சாவி; தன்னுடையதை மட்டும் பம்பரம் ஒப்படைக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் மனைவி சும்மா விடுவாளா?

"அடுப்புல இருக்கிற பாத்திரத்தைத் திறந்து திறந்து பார்க்காதீங்கன்னு இருபது வருஷமா கத்துறேன். மீன் வந்து சொன்னாத்தான் கேப்பீங்களோ?"

கிடங்கில் பொழுது போகவே இல்லை. அடுக்கிய மூட்டைகளை இடமிருந்து வலமாக மாற்றினார். மறுபடி வலமிருந்து இடம். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது சும்மாவா? நாலாம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், கால் தானாகவே கூடத்து வாசலுக்குப் போனது. ஒரே ஒரு பார்வை, அதற்குமேல் இல்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு சாவியைப் பூட்டில் நுழைத்தார்.

இன்னும் திருப்பக்கூட இல்லை. உள்ளே தண்ணீர் தடதடத்தது. ஏதோ ஒன்று சிமென்ட் சுவரில் போய் மோதியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று மோதியது.

இத்தனை வருடமும் வரவேற்பு என்று நினைத்த சத்தம் அதுதான். பம்பரத்துக்கு அவமானமாக இருந்தது. அதைவிட நெஞ்சு வலித்தது. சத்தம் வராமல் சாவியை உருவி, நேரே போய் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

மூன்றாம் தடவை முட்டை பொரிந்தது. ஐந்தாம் நாளைக் கிடங்கில் மூட்டைமேல் நெருப்பில் உட்கார்ந்ததுபோலக் கழித்தார். யாரும் வரவில்லை. ஏழாம் நாளும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேஜையில் ஒரு கண்ணாடிக் குவளை. அதில் கண்ணும் வாலுமாக நூற்றுக்கணக்கான குஞ்சுகள் இரையைத் துரத்திக்கொண்டிருந்தன.

"சொந்தமாச் சுரக்க ஆரம்பிச்சாச்சு அண்ணா. இனிமே அம்மா கொடுத்ததை நம்பி இல்ல. மேனேஜர்கிட்டயும் பேசிட்டேன். பெரிய மீன் எதையும் விக்கப் போறதில்ல."

பம்பரத்துக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"பெரிசுங்க எப்படி இருக்கும்மா?"

"நல்லா இருக்கு. நீங்க போனப்புறம்தான்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவாயில்ல, சொல்லுங்கம்மா."

"மேல வந்து சாப்பிடுது. முன்னெல்லாம் தீவனம் போட்டாலும் மீனெல்லாம் அடியிலயேதானே கிடக்கும்?"

ஆமாம், அடியில்தான் கிடக்கும். அந்த ஜாதியே அப்படித்தான் போலிருக்கிறது என்று பதினோரு வருடமாக நினைத்திருந்தார். அவை மேலே வந்து தின்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இப்ப தீவனம் போடுற நேரம்தான். சத்தம் போடாம ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கிறீங்களா அண்ணா?"

பம்பரம் கதவுவரை போனார். அங்கேயே நின்றார்.

"வேணாம்மா" என்றார். "சாப்பிடட்டும்."